இங்கிலாந்தில் வீடு வாங்குமுன்: அதில் யார் குடியிருக்கலாம் என்று பார்த்துவிடுங்கள்

இங்கிலாந்தில் வீடு தேடுகிறவர்களுக்கு என்றைக்காவது இப்படி ஒரு விளம்பரம் கண்ணில் படும். ஊருக்கு வெளியே தனி பங்களா, மூன்று படுக்கையறை, பின்னால் இரண்டு ஏக்கர் நிலம். விலையோ அதே வட்டாரத்தில் அதே அளவு வீட்டுக்குக் கேட்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். விவரங்களின் கடைசியில் 'அக்ரிகல்சரல் டை உண்டு' என்றோ 'ஏ.ஓ.சி. பொருந்தும்' என்றோ ஒரு வரி இருக்கும். இரண்டும் குறிப்பது விவசாயக் குடியிருப்பு நிபந்தனையைத்தான். அந்த வீட்டை யார் வேண்டுமானாலும் வாங்கலாம், ஆனால் எல்லோரும் அதில் குடியிருக்க முடியாது என்பதுதான் அந்த வரியின் பொருள்.

நம் ஊரில் பிளான் அப்ரூவல் என்றால் எத்தனை மாடி, எவ்வளவு இடம் விடவேண்டும் என்பதோடு பேச்சு முடிந்துவிடும். வீட்டுக்குள் யார் வசிக்கலாம் என்று அந்தக் காகிதம் சொல்லும் என நாம் எதிர்பார்ப்பதில்லை. இங்கே அது சொல்லும். கவுன்சில் எனப்படும் உள்ளாட்சி கொடுக்கும் பிளானிங் பெர்மிஷனிலேயே குடியிருப்பு நிபந்தனை சேர்ந்து வரலாம். அந்த நிபந்தனை விண்ணப்பித்த ஆளோடு போய்விடாது. நிலத்தோடு ஒட்டிக்கொண்டு, வீடு எத்தனை கை மாறினாலும் கூடவே வரும். நாற்பது வருடப் பழைய நிபந்தனையும் இன்று வாங்குகிறவரைக் கட்டும்.

இங்கே எழுதுவது இங்கிலாந்துக்கானது. வேல்ஸில் அடிப்படைச் சட்டம் ஒன்றுதான் என்றாலும் கொள்கைகளும் கால வரம்புகளும் வேறுபடுகின்றன. ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் தனிச் சட்டங்கள். அங்கே வாங்குகிறவர்கள் அந்தந்த இடத்து சொலிசிட்டரிடமே, அதாவது வழக்கறிஞரிடமே, கேட்கவேண்டும்.

ஏன் இப்படி ஒரு நிபந்தனை

1947ஆம் ஆண்டு நகர, நாட்டுப்புறத் திட்டமிடல் சட்டம் வந்தபிறகு, நிலம் சொந்தமாக இருப்பதால் மட்டும் அதில் வீடு கட்டிவிட முடியாது என்று ஆனது. வயல்வெளி நடுவே புது வீட்டுக்கு அனுமதி கிடைப்பது இன்றும் அரிது. தற்போதைய தேசியத் திட்டமிடல் கொள்கையும் நாட்டுப்புறத்தில் தனித்த வீடுகளைத் தவிர்க்கவே சொல்கிறது. சில விதிவிலக்குகள் உண்டு. அவற்றில் முக்கியமானது, வேலை செய்யும் இடத்திலேயே தங்கியே ஆகவேண்டிய நாட்டுப்புறத் தொழிலாளிக்கான வீடு. பால் பண்ணையில் நள்ளிரவில் மாடு கன்று ஈனத் திணறும்போது, பக்கத்து டவுனிலிருந்து காரில் வந்து சேர்வதற்குள் காரியம் கெட்டுவிடும். அதற்காக, மற்றவருக்கு மறுக்கும் இடத்தில் விவசாயிக்கு அனுமதி தருகிறார்கள்.

அந்த வீட்டை மறுவருடமே வசதியான ஒருவருக்குச் சந்தை விலைக்கு விற்றுவிட்டால்? வயலும் போய்விடும், அடுத்த விவசாயி இன்னொரு வீடு கேட்டு வருவார். அதைத் தடுக்கத்தான் 'இதில் விவசாயத்தில் இருப்பவர்தான் வசிக்கவேண்டும்' என்ற நிபந்தனை. இப்படி நிபந்தனை போடுவது செல்லுமா என்ற கேள்வி, அன்றைக்கு நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் அவை வரை போனது. பக்கிங்ஹாம்ஷயரில் இரண்டு காட்டேஜ்களை வாங்கிய ஒரு நிறுவனம், நிபந்தனை தெளிவாக இல்லை, செல்லாது என்று வழக்காடியது. 1960இல் நிபந்தனை செல்லும் என்றே தீர்ப்பானது.

இந்த நோக்கம் நியாயமானது என்றுதான் நானும் நினைக்கிறேன். பண்ணை வேலை பார்க்கிறவருக்கு எட்டும் விலையில் சில வீடுகளாவது நிற்க வேண்டும். என் கவலை, விவரம் தெரியாமல் சேமிப்பை எல்லாம் கொட்டி வாங்கிவிட்டுப் பிறகு தவிக்கும் குடும்பங்களைப் பற்றியது. மொழியும் முறையும் புதிதாக இருப்பவர்களுக்குத்தான் இதில் ஆபத்து அதிகம்.

முதல் படி: எந்த வகை என்று அடையாளம் காணுங்கள்

விவசாய நிபந்தனையை மேலே பார்த்தோம். அடுத்து அதிகம் தென்படுவது விடுமுறை நிபந்தனை. பழைய களஞ்சியத்தை மாற்றிக் கட்டிய காட்டேஜ், கடற்கரையோர ஷாலே எனும் சிறு விடுமுறை வீடு, லாட்ஜ் எனப்படும் மரத்தாலான சிறு வீடு ஆகியவற்றில் இது சாதாரணம். 'விடுமுறைக்கு மட்டுமே பயன்படுத்தலாம், யாருடைய ஒரே வீடாகவோ முதன்மை வீடாகவோ இருக்கக்கூடாது' என்று எழுதியிருக்கும். தங்குகிறவர்களின் பெயரையும் நிரந்தர முகவரியையும் ஒரு பதிவேட்டில் எழுதி வைக்கவேண்டும் என்ற வரியும் பெரும்பாலும் சேர்ந்தே வரும். சில இடங்களில் குளிர்காலத்தில் சில வாரங்கள் பூட்டியே வைக்கவேண்டும்.

லாட்ஜ்கள் வரிசையாக நிற்கும் வளாகங்களான, அவற்றை விற்கும் பார்க்குகளைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லவேண்டும். '12 மாத லைசென்ஸ்' என்று விற்பனையாளர் சொன்னதும் வருடம் முழுவதும் அங்கேயே வாழலாம் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது வருடத்தில் எந்த மாதமும் விடுமுறைக்கு வந்து தங்கலாம் என்பது மட்டுமே. உங்களுக்கு வேறு எங்கோ ஒரு வீடு இருந்தாக வேண்டும். 1983ஆம் ஆண்டு மொபைல் ஹோம்ஸ் சட்டம் தரும் பாதுகாப்பு குடியிருப்புக்கான பார்க்குகளுக்குத்தான். விடுமுறைப் பார்க்கில் அது கிடையாது. இருந்த ஃபிளாட்டை விற்று அந்தப் பணத்தில் லாட்ஜ் வாங்கி ஓய்வுக்காலத்தைக் கழிக்கலாம் என்று யாராவது சொன்னால், கையெழுத்துப் போடுமுன் தடுத்து நிறுத்துங்கள்.

மூன்றாவது, உள்ளூர்க்காரர் நிபந்தனை. லேக் டிஸ்ட்ரிக்ட், யார்க்ஷயர் டேல்ஸ் போன்ற தேசியப் பூங்காக்களில் புது வீடுகளுக்கு இது வழக்கம். அந்த வட்டாரத்தில் குறிப்பிட்ட காலம் வசித்தவர் அல்லது வேலை செய்தவர்தான் குடியிருக்கலாம். எத்தனை வருடம், எந்தெந்த பாரிஷ் (சிறு உள்ளாட்சிப் பகுதி) என்பதெல்லாம் இடத்துக்கு இடம் மாறும்.

இதோடு பலர் குழப்பிக்கொள்வது முதன்மை வீட்டு நிபந்தனை. கார்ன்வாலில் உள்ள செயின்ட் ஐவ்ஸ் ஊரில், வெளியூர்க்காரர்கள் இரண்டாவது வீடாக வாங்கிப் பூட்டி வைத்ததில் உள்ளூர் இளைஞர்களுக்கு வீடு கிடைக்காமல் போனது. 2016 மே மாதம் ஊர் மக்கள் வாக்களித்தார்கள். 80 சதவீதத்துக்கு மேல் ஆதரவு. அதன்பின் அங்கே கட்டப்படும் புது வீடுகளை முதன்மை வீடாக மட்டுமே பயன்படுத்தலாம். உயர் நீதிமன்றத்தில் எதிர்த்த வழக்கும் அதே வருட இறுதியில் தள்ளுபடியானது. இந்த வகை நிபந்தனை நம்மைப் போன்ற புதியவர்களைத் தடுப்பதில்லை. நீங்கள் எங்கிருந்து வந்தாலும் சரி, உண்மையிலேயே அங்கே வாழ்ந்தால் போதும். வாக்காளர் பட்டியலில் பெயர், உள்ளூர் மருத்துவரிடம் பதிவு, பிள்ளைகள் அங்கே பள்ளிக்குப் போவது ஆகியவை சான்றாகும். வீட்டை முதன்மை வீடாகக் கொள்ளும் குடித்தனக்காரருக்கு வாடகைக்கும் விடலாம். சுற்றுலாப் பயணிகளுக்கு முழு வீட்டையும் விட்டுச் சம்பாதிப்பதுதான் முடியாது.

55 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான குடியிருப்புகள், மாணவர்களுக்கு மட்டுமான கட்டடங்கள் என்று இன்னும் சில உண்டு. அவற்றின் பெயரே விஷயத்தைச் சொல்லிவிடும்.

கடைசியாக, நம் குடும்பங்களை நேராகத் தொடும் ஒன்று: அனெக்ஸ். அம்மா அப்பாவை ஊரிலிருந்து அழைத்துவந்து கூடவே வைத்துக்கொள்ளலாம் என்று தோட்டத்தில் சிறு வீடு கட்டுவோம், அல்லது ஏற்கெனவே அனெக்ஸ் உள்ள வீடாகப் பார்த்து வாங்குவோம். அதற்கான அனுமதியில் 'முதன்மை வீட்டின் துணைப் பகுதியாகவே பயன்படவேண்டும், தனி வீடாக விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது' என்று பெரும்பாலும் இருக்கும். பெற்றோர் இருக்கும்வரை எந்தத் தொல்லையும் இல்லை. அவர்கள் ஊருக்குத் திரும்பியபின் 'சும்மாதானே கிடக்கிறது' என்று ஒரு குடித்தனக்காரரை வைக்கும்போதுதான் கவுன்சிலின் கடிதம் வரும். அனெக்ஸ் வாடகையை நம்பி மோர்ட்கேஜ் கணக்குப் போடாதீர்கள். வீட்டை விற்கும் ஏஜென்ட் 'வருமானம் வரும்' என்று சொன்னால் அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

இரண்டாம் படி: அனுமதிக் கடிதத்தை நீங்களே எடுங்கள்

டிசிஷன் நோட்டீஸ் எனப்படும் அனுமதிக் கடிதம்தான் இதில் அடிப்படை ஆவணம். லேண்ட் ரெஜிஸ்ட்ரி பத்திரத்தைப் பார்த்துவிட்டு நிம்மதியாகிவிடாதீர்கள். பிளானிங் நிபந்தனைகள் அந்தப் பத்திரத்தில் ஏறவேண்டும் என்று கட்டாயமில்லை.

கவுன்சில் வெப்சைட்டில் பிளானிங் தேடும் பக்கம் இருக்கும். வீட்டின் அஞ்சல் எண்ணைக் கொடுத்தால் அந்த முகவரியில் வந்த விண்ணப்பங்கள் வரிசையாக வரும். தேசியப் பூங்காவுக்குள் என்றால் பூங்கா ஆணையத்தின் வெப்சைட்டில் தேடவேண்டும். அங்கே அனுமதி கொடுப்பது அவர்கள்தான். வரைபடத்தில் புள்ளியைத் தொட்டுத் தேடும் வசதி இருந்தால் அதையும் பாருங்கள். வயல் நடுவே வீடு கட்டும்போது அதற்கு இன்றைய பெயரோ அஞ்சல் எண்ணோ இருந்திருக்காது. 'இன்ன பண்ணைக்கு வடக்கே உள்ள நிலம்' என்று பழைய விண்ணப்பத்தில் எழுதியிருப்பார்கள், முகவரியில் தேடினால் அகப்படாது.

இணையத்தில் ஏற்றியவை பெரும்பாலும் கடந்த சில பத்தாண்டுகளுக்கு உரியவைதான். 1960கள், 70களில் கட்டிய பங்களாக்களின் கோப்பு மைக்ரோஃபிஷ் எனும் நுண்படத் தாளிலோ காகிதமாகவோ கிடக்கும். கவுன்சிலுக்கு மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள், சிறு கட்டணம் வாங்கிக்கொண்டு நகல் தருவார்கள். சோம்பல்படாமல் இதைச் செய்யவேண்டும். ஏனென்றால் விவசாய நிபந்தனையால் சிக்கல் எளிதில் வருவது இந்தப் பழைய வீடுகளில்தான். இடையில் வந்த விற்பனைகளில் யாரும் கண்டுகொள்ளாமல் விட்டிருப்பார்கள்.

ஒரே ஒரு கடிதத்தோடு நிற்காதீர்கள். வீட்டுக்கான முதல் அனுமதி, பின்னால் நிபந்தனையை மாற்றியோ நீக்கியோ வந்த அனுமதிகள், இடித்துக் கட்டியிருந்தால் அந்த அனுமதி என எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கி வையுங்கள். சமையலறையை நீட்டிக்க 2005இல் வாங்கிய அனுமதியில் நிபந்தனை எதுவும் இல்லை என்பதால் 1972இல் போட்ட நிபந்தனை மறைந்துவிடாது.

உங்கள் சொலிசிட்டர் கவுன்சிலில் செய்யும் 'லோக்கல் சர்ச்' எனும் பதிவுத் தேடலில் அனுமதிகளின் பட்டியலும், செக்ஷன் 106 ஒப்பந்தம் (திட்டமிடல் சட்டத்தின்படி நில உரிமையாளர் கவுன்சிலோடு செய்துகொள்வது) இருந்தால் அதுவும் தெரியவரும். ஆனால் பட்டியலில் எண் இருப்பது வேறு, யாராவது அந்தக் கடிதத்தைத் திறந்து படிப்பது வேறு. குறைந்த கட்டணத்துக்கு நூற்றுக்கணக்கான கோப்புகளை ஓட்டும் அலுவலகங்களில் இரண்டாவது நடக்காமல் போகலாம். அதனால்தான் நீங்களே எடுத்துப் படிக்கச் சொல்கிறேன்.

மூன்றாம் படி: வரியைச் சொல் சொல்லாகப் படியுங்கள்

1995ஆம் ஆண்டு அரசுச் சுற்றறிக்கையில் விவசாய நிபந்தனைக்கு ஒரு மாதிரி வாசகம் கொடுத்தார்கள். பெரும்பாலான கவுன்சில்கள் அதையே எடுத்தாள்கின்றன. நம் மொழியில் சொன்னால் இப்படி வரும்: 'இந்த வீட்டில், இவ்வட்டாரத்தில் விவசாயத்திலோ வனத் தொழிலிலோ முழுமையாக அல்லது பெரும்பாலும் வேலை செய்பவர், அல்லது கடைசியாக அந்த வேலையைச் செய்தவர், அல்லது அப்படிப்பட்டவரை மணந்து துணையை இழந்தவர், இவர்களைச் சார்ந்து உடன் வசிப்பவர்கள் மட்டுமே குடியிருக்கலாம்.'

'பெரும்பாலும்' என்றால், வாரத்தில் ஐந்து நாள் ஐ.டி. வேலை பார்த்துவிட்டு சனி ஞாயிறில் கோழி வளர்ப்பவர் இதில் வரமாட்டார். வீட்டைச் சுற்றி உள்ள நிலத்தில்தான் வேலை செய்யவேண்டும் என்று பெரும்பாலான வாசகங்கள் கேட்பதில்லை. அதே வட்டாரத்தில் வேறொருவர் பண்ணையில் சம்பளத்துக்கு வேலை பார்த்தாலும் பொருந்தும். ஆனால் சில கடிதங்களில் பண்ணையின் பெயரையே குறிப்பிட்டு 'இந்தப் பண்ணையில் வேலை செய்பவர்' என்று இறுக்கியிருப்பார்கள். அப்போது வட்டம் சுருங்கிவிடும்.

'கடைசியாக வேலை செய்தவர்' என்பது ஓய்வுபெற்ற விவசாயிக்காக எழுதியது. பண்ணையை விட்டபின் பத்து வருடம் கடை நடத்தியவர் அதைச் சொல்லித் தப்பமுடியாது.

விவசாயம் என்றால் என்ன என்பதற்கு 1990ஆம் ஆண்டு திட்டமிடல் சட்டத்தின் செக்ஷன் 336 விளக்கம் தருகிறது. பயிர், பழத்தோட்டம், விதை, பால் பண்ணை, கால்நடை வளர்ப்பு, மேய்ச்சல் நிலம், நாற்றங்கால் எல்லாம் அதில் அடங்கும். மற்றவர்களின் குதிரைகளைக் கட்டிப் பராமரிக்கும் லிவரி, குதிரை ஏற்றப் பள்ளி போன்றவை விவசாயமாகக் கணக்கில் வராது. இங்கே பலர் ஏமாறுகிறார்கள்: நிலம், லாயம், வேலி எல்லாம் பார்த்தால் பண்ணை மாதிரியே இருக்கும்.

குடும்பத்தில் ஒருவர் விவசாயத்தில் இருந்தால் மற்றவர்கள் என்ன ஆவார்கள்? இதற்குப் பயனுள்ள ஒரு தீர்ப்பு 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வந்தது. மனைவி சிறு பண்ணையைப் பார்த்துக்கொள்கிறார், அதில் லாபம் இல்லை. கணவர் வெளியே சம்பாதிக்கிறார். கணவரும் பிள்ளைகளும் மனைவியைச் 'சார்ந்தவர்கள்' ஆவார்களா என்பது கேள்வி. சார்ந்திருப்பது பணத்தால் மட்டும் அல்ல, குடும்ப உறவால் வரும் சார்பும் சேரும் என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆக, கணவன் மனைவியில் ஒருவர் உண்மையாகவே பெரும்பாலும் பண்ணை வேலையில் இருந்தால், மற்றவர் டவுனில் வேலைக்குப் போவதால் மட்டும் நிபந்தனை மீறப்படுவதில்லை. வெறுமனே காகிதத்தில் விவசாயியாக இருந்தால் இது உதவாது.

நான்காம் படி: கடன் கிடைக்குமா, விலை சரியா

ஆஃபர் வைக்குமுன் மோர்ட்கேஜ் புரோக்கரிடம் நிபந்தனையின் முழு வாசகத்தைக் கொடுங்கள். தெரிந்த வங்கிகள் பலவும் விவசாய நிபந்தனை, விடுமுறை நிபந்தனை என்றதும் ஒதுங்கிவிடும். கொடுக்கிறவர்களும் அதிக டெபாசிட் கேட்பார்கள். காரணம் எளிது: நாளை நீங்கள் தவணை கட்டாவிட்டால் அவர்களும் அதே குறுகிய கூட்டத்துக்குத்தான் விற்கவேண்டும். செக்ஷன் 106 ஒப்பந்தங்களில், கடன் கொடுத்தவர் பறிமுதல் செய்து விற்கும்போது நிபந்தனை விலகும் என்று ஒரு விதி சில நேரம் இருக்கும். அது இருந்தால் கடன் எளிதாகும், இருக்கிறதா என்று தேடுங்கள்.

விலையில் 25 முதல் 35 சதவீதம் வரை குறையும் என்பது விவசாய நிபந்தனைக்கு மதிப்பீட்டாளர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. கேட்கும் விலை அப்படிக் குறையவில்லை என்றால், ஒன்று விற்பவர் நிபந்தனையை மறைக்கிறார், இல்லையென்றால் 'பின்னால் எடுத்துவிடலாம்' என்ற நம்பிக்கையை உங்களுக்கு விலைபோட்டு விற்கிறார். இரண்டுக்கும் பணம் கொடுக்கத் தேவையில்லை. குறைந்த விலைக்கு வாங்கினால் குறைந்த விலைக்குத்தான் விற்கவும் முடியும் என்பதையும் மனதில் வையுங்கள்.

ஐந்தாம் படி: நிபந்தனையா, ஒப்பந்தமா

அனுமதிக் கடிதத்தில் எண் போட்டு வருவது நிபந்தனை. நில உரிமையாளர் கையெழுத்திட்டுக் கவுன்சிலோடு செய்துகொள்வது செக்ஷன் 106 ஒப்பந்தம். சில வீடுகளுக்கு இரண்டும் உண்டு. ஒன்றை நீக்கினாலும் மற்றது அப்படியே நிற்கும்.

நிபந்தனையை மாற்றவோ நீக்கவோ செக்ஷன் 73 விண்ணப்பம். சாதாரணமாக எட்டு வாரத்தில் முடிவு சொல்லவேண்டும். மறுத்தால் ஆறு மாதத்துக்குள் பிளானிங் இன்ஸ்பெக்டரேட்டிடம் மேல்முறையீடு செய்யலாம். செக்ஷன் 106 ஒப்பந்தமானால், கவுன்சில் தானாக ஒப்புக்கொண்டால் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். ஒப்புக்கொள்ளாவிட்டால் பொதுவாக ஐந்து வருடம் கழித்தே முறைப்படி விண்ணப்பித்து, மறுத்தால் மேல்முறையீடு போகமுடியும். ஒப்பந்தத்தை மீறினால் கவுன்சில் நீதிமன்றத் தடையாணை வாங்கலாம். கீழே சொல்லப்போகும் பத்து வருடக் கணக்கு அதற்குப் பொருந்தாது.

திட்டமிடலோடு சம்பந்தமில்லாத இன்னொன்றும் உண்டு. பழைய கவுன்சில் வீடுகளைக் குடித்தனக்காரர்களுக்கே விற்றபோது, தேசியப் பூங்கா போன்ற கிராமப் பகுதிகளில் 1985ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தின் செக்ஷன் 157 தடையைச் சேர்த்தார்கள். கடந்த மூன்று வருடம் அந்தப் பகுதியில் வசித்தவர் அல்லது வேலை செய்தவருக்குத்தான் கவுன்சிலின் இசைவில்லாமல் மறுவிற்பனை செய்யலாம். இது லேண்ட் ரெஜிஸ்ட்ரி பத்திரத்தில் தெரியும்.

ஆறாம் படி: நீக்குவது எப்படி, எவ்வளவு கடினம்

'வாங்குங்கள், அப்புறம் எடுத்துவிடலாம்' என்று ஏஜென்ட் சொல்வது நடக்காத காரியம் என்று சொல்லமாட்டேன். அதற்கு வழி இருக்கிறது, ஆனால் காலம் ஆகும்.

விவசாய நிபந்தனையை நீக்கவேண்டுமானால், அந்த வட்டாரத்தில் இப்படி ஒரு வீட்டுக்குத் தேவையே இல்லை என்று காட்டவேண்டும். உங்கள் குடும்பத்துக்குத் தேவையில்லை என்பது போதாது, அக்கம்பக்கத்துப் பண்ணைகள் எதற்கும் தேவையில்லை என்று நிரூபிக்கவேண்டும். அதற்கு நிபந்தனையால் குறையும் மதிப்பைக் கணக்கில் எடுத்த விலையில், விவசாயிகள் பார்க்கும் பத்திரிகைகளிலும் உள்ளூர் ஏஜென்டிடமும், பெரும்பாலான கவுன்சில்களில் குறைந்தது 12 மாதம் விற்பனைக்கு வைக்கவேண்டும். வந்த விசாரிப்பு ஒவ்வொன்றையும் குறித்து வையுங்கள். அதிக விலை சொல்லி யாரும் வராமல் பார்த்துக்கொண்டு பிறகு 'யாருக்கும் வேண்டாம்' என்று வந்தால் கவுன்சில் உடனே கண்டுபிடித்துவிடும். நீங்களே போன வருடம்தான் வாங்கினீர்கள் என்றால் உங்கள் வாதம் இன்னும் பலவீனம். வாங்க ஆள் இருந்தது என்பதற்கு நீங்களே சாட்சி.

எந்த நிபந்தனையும் தேவையானதாக, திட்டமிடலுக்கும் அந்தக் கட்டடத்துக்கும் சம்பந்தப்பட்டதாக, அமல்படுத்தக் கூடியதாக, துல்லியமாக, மற்ற வகையில் நியாயமாக இருக்கவேண்டும் என்று தேசியக் கொள்கை ஆறு சோதனைகள் வைத்திருக்கிறது. உங்கள் நிபந்தனை இவற்றில் எதிலாவது தவறுகிறதா என்று ஒரு பிளானிங் கன்சல்டன்டைப் பார்க்கச் சொல்லலாம். அரிதாக இன்னொரு வழியும் திறக்கும். 1990களில் ஒரு வழக்கில், அனுமதித்த இடத்திலிருந்து ஏறக்குறைய 90 அடி தள்ளி பங்களாவைக் கட்டியிருந்தார்கள். அப்படியானால் அது அந்த அனுமதியின்படி கட்டிய வீடே இல்லை, எனவே அந்த அனுமதியின் விவசாய நிபந்தனையும் அதைக் கட்டாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. பழைய வரைபடத்தையும் வீடு நிற்கும் இடத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பது வீண்வேலை இல்லை.

ஏழாம் படி: ஏற்கெனவே மீறல் நடந்திருந்தால்

நீங்கள் பார்க்கும் வீட்டில் விவசாயத்தோடு தொடர்பே இல்லாத ஒருவர் பல வருடமாக இருந்துவருகிறார் என்று வைத்துக்கொள்வோம். நிபந்தனை மீறல் தொடர்ந்து பத்து வருடம் நடந்திருந்தால் கவுன்சில் அதன்பின் நடவடிக்கை எடுக்க முடியாது. அந்த நிலையைச் செக்ஷன் 191இன் கீழ் சட்டப்படியான பயன்பாட்டுச் சான்றிதழாக வாங்கலாம். 'நாலு வருஷம் போதும்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான்கு வருடக் கணக்கு இருந்தது வேறு வகை மீறல்களுக்கு. இங்கிலாந்தில் அதுவும் 2024 ஏப்ரல் 25 முதல், பழைய மீறல்களுக்கான சில விலக்குகள் தவிர, பத்து வருடமாகிவிட்டது.

'தொடர்ந்து' என்பதில்தான் பிடி இருக்கிறது. நடுவில் வீடு பல மாதம் காலியாகக் கிடந்தால் அந்தக் காலத்தில் யாரும் மீறவில்லை. விவசாயி ஒருவர் ஒரு வருடம் குடியிருந்தால் அப்போதும் மீறல் இல்லை. அத்தோடு கணக்கு அறுந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கும். கவுன்சில் வரி ரசீது, வாக்காளர் பட்டியல், சம்பளச் சான்று, வாடகை ஒப்பந்தம், அக்கம்பக்கத்தவரின் உறுதிமொழி என்று பத்து வருடத்துக்கும் இடைவெளி இல்லாமல் ஆதாரம் வேண்டும். அதைத் திரட்டவேண்டியது விற்பவர். சான்றிதழை அவர் பெயரில் வாங்கிக் கொடுத்தபிறகு வாங்குவதுதான் பாதுகாப்பு.

சான்றிதழ் கிடைத்தாலும் நிபந்தனை அழிந்துவிடுவதில்லை. பின்னால் ஒரு விவசாயி குடிவந்தால் அது மீண்டும் உயிர்பெறும் ஆபத்து உண்டு. அதனால் சான்றிதழைக் காட்டிச் செக்ஷன் 73இல் நிபந்தனையையே நீக்கிவிடுவது நல்லது.

மறைத்து வாழ்ந்து பத்து வருடத்தைக் கடத்திவிடலாம் என்ற யோசனை வேண்டாம். வேண்டுமென்றே மறைத்த மீறல்களுக்கு, 2012 ஏப்ரல் முதல் கவுன்சில் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் தனி உத்தரவு வாங்கி, கால வரம்பு கடந்தபின்னும் நடவடிக்கை எடுக்கமுடியும். நிபந்தனை மீறல் நோட்டீஸ் என்று ஒன்று அனுப்பினால் அதற்கு மேல்முறையீடே கிடையாது. சரிசெய்ய குறைந்தது 28 நாள் கொடுப்பார்கள். கேட்காவிட்டால் அது குற்றம். அந்த நோட்டீஸ் கைக்கு வந்தால் அன்றைக்கே பிளானிங் தெரிந்த சொலிசிட்டரைப் பாருங்கள்.

சொலிசிட்டருக்கு அனுப்பவேண்டிய கேள்விகள்

தொலைபேசியில் பேசாமல் எழுத்தில் கேளுங்கள். இப்படி எழுதலாம்:

'இந்த வீட்டுக்குக் கொடுத்த எல்லா பிளானிங் அனுமதிகளின் கடிதங்களையும் நீங்கள் படித்தீர்களா? யார் குடியிருக்கலாம், எந்தக் காலத்தில் குடியிருக்கலாம், எப்படிப் பயன்படுத்தலாம் என்று கட்டுப்படுத்தும் நிபந்தனை எதிலாவது இருக்கிறதா? செக்ஷன் 106 ஒப்பந்தம் உண்டா, அதில் கடன் கொடுத்தவருக்கான விலக்கு இருக்கிறதா? கடந்த பத்து வருடத்தில் யார் யார் இங்கே குடியிருந்தார்கள், அவர்கள் என்ன வேலை செய்தார்கள் என்று விற்பவரிடம் எழுத்தில் வாங்கித் தருவீர்களா? கவுன்சில் எப்போதாவது நோட்டீஸ் அனுப்பியதா? எங்கள் குடும்பத்தில் இன்னார் இன்ன வேலையில் இருக்கிறார்கள். அனெக்ஸில் என் பெற்றோர் தங்குவார்கள். இந்த நிலையில் நாங்கள் குடியிருப்பது நிபந்தனைக்கு உட்பட்டதுதானா?'

கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். உங்கள் குடும்பத்தின் நிலைமையைச் சொல்லாமல் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். இவற்றுக்கெல்லாம் எழுத்தில் பதில் வரும்வரை, ஏஜென்ட் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் எக்ஸ்சேஞ்ச் தேதிக்கு, அதாவது ஒப்பந்தங்களைப் பரிமாறி இரு தரப்பும் கட்டுப்படும் நாளுக்கு, ஒப்புக்கொள்ள வேண்டாம். அதுவரை செலவான பதிவுத் தேடல் கட்டணமும் சொலிசிட்டர் கட்டணமும் போனால் போகட்டும், விலகிவிடலாம். எக்ஸ்சேஞ்ச் முடிந்தபின் பின்வாங்கினால், வழக்கமாக வீட்டு விலையில் 10 சதவீதமான டெபாசிட் கையைவிட்டுப் போய்விடும்.